டெபியன் 12க்கு மாறியபின் ரெய்ட் 5 அணி எழவில்லை. எம்டி0 எங்கே போயிற்று?

12.10.2024, சனி, இரவு 11.40

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வரவேற்பறை மூலையில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. இயங்குதளம் தனி எஸ்எஸ்டியில் இருக்கிறது. அதனுடன் நான்கு 4 டெராபைட் வட்டுகளைச் சேர்த்து 2017இல் ஒரு மென்பொருள் ரெய்ட் 5 அணி, அதாவது ஒரு வட்டு கெட்டாலும் தரவு பிழைக்கும் வட்டுக் கூட்டு, அமைத்தேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் லயன் வீடுகள் இடிபட்டபோது மக்கள் கொடுத்த புகைப்படங்கள், பழைய செக்ரோல் (தோட்டத்து வருகை, சம்பளப் பதிவேடு) பக்கங்களின் ஸ்கேன்கள், கோயில் தீமிதி ஒளிப்பதிவுகள், ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளர்களின் குரல்பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

இன்று மாலை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 11ஆம் பதிப்பிலிருந்து 12க்கு மேம்படுத்தினேன். 217 நாள்களாக அணையாமல் ஓடிய இயந்திரம், மறுதொடக்கம் செய்ததும் 90 நொடிகள் காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நின்றுவிட்டது. எம்டி0 என்ற அணியைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, நான் ஒருபோதும் உருவாக்காத எம்டி127 என்ற ஒன்று, செயலற்ற நிலையில், மூன்று வட்டுகளோடு எம்டிஸ்டாட் என்ற அணி நிலைக் கோப்பில் தெரிகிறது. மூன்றின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் எஸ் என்ற எழுத்து இருக்கிறது. அதற்கு உதிரி என்று பொருள். மேம்படுத்தல் என் வட்டுகளை எல்லாம் உதிரியாக்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓடிக்கொண்டிருந்ததைத் தொட்டிருக்கக் கூடாது. பழைய பதிப்புக்குத் திரும்புவதுதான் வழியா?

13.10.2024, விடியற்காலை 1.15

மேலே எழுதியதில் ஒரு தவறு. அணி இயங்கத் தொடங்காத வரையில் எந்த வட்டானாலும் அந்த எஸ் எழுத்தோடுதான் காட்டப்படும். அது வட்டின் தகுதியைச் சொல்வதில்லை. இன்னும் எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. ஆகவே உதிரி என்று நான் அலறியது வீண்.

13.10.2024, காலை 7.30

எம்டி127 என்ற பெயருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. அணியை உருவாக்கும்போது கணினியின் பெயரும் ஒவ்வொரு வட்டின் சூப்பர்பிளாக் என்ற அடையாளப் பகுதியில் எழுதப்படுகிறது. கடந்த ஜூனில் நான் கணினிக்கு வேறு பெயர் வைத்தேன். அணிகளை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கருவியின் அமைப்புக் கோப்பில் அணியைப் பற்றிய வரியை நான் எழுதி வைத்திருக்கவும் இல்லை. எனவே தொடங்கும் நேரத்தில், இது வேறொரு வீட்டு அணி போலிருக்கிறது என்று கருதி, 127இலிருந்து கீழ்நோக்கி எண்ணும் பெயர்களில் முதலாவதை அதற்குக் கொடுத்துவிட்டது. ஜூனில் செய்த காரியத்தின் விளைவு அக்டோபரில் தெரிகிறது என்றால், நடுவில் ஒருமுறைகூட நான் மறுதொடக்கம் செய்யவில்லை என்பதுதான் காரணம்.

ஆனால் பெயர் மாறியது மட்டும் அணியை நிறுத்தாது. எம்டி127 என்ற பெயரிலேயே அது எழுந்திருக்க வேண்டும். நான்கு வட்டுகளில் மூன்று இருந்தாலே ரெய்ட் 5 ஓடும், மூன்று தெரிகின்றன, ஆனாலும் ஓடவில்லை. இது எனக்கு விளங்கவில்லை.

13.10.2024, காலை 10.05

விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு வட்டிலும் சூப்பர்பிளாக்கைப் படித்துக் காட்டும் எக்ஸாமின் கட்டளையை ஓட்டி, விடையைத் தாளில் எழுதினேன். கணினித் திரையில் பார்ப்பதைவிடத் தாளில் எழுதினால் எனக்கு நன்றாகப் புரியும்; அப்பா தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், அந்தப் பழக்கம். அதில் மூன்று விவரங்கள் முக்கியம்: அணியில் அந்த வட்டின் இடம் (0இலிருந்து எண்ணப்படும்), அணியில் மாற்றங்கள் நடக்க நடக்கக் கூடும் ஈவென்ட்ஸ் என்ற நிகழ்வெண், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம். இடம் 0இல் உள்ள வட்டின் நிகழ்வெண் 48213, நேரம் நேற்று மாலை. இடம் 1க்கும் அதே எண், அதே நேரம். இடம் 3இல் உள்ள வட்டின் நிகழ்வெண் 31977, நேரம் 2024 மே 27. இடம் 2க்கு உரிய வட்டு கணினியின் கண்ணிலேயே படவில்லை.

தோட்டத்துப் பெரட்டை அறிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். காலையில் நான்கு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று குரல் கேட்கிறது. ஆனால் அந்த மூவரில் ஒருவர் மே மாதத்திலிருந்து வேலைக்கே வராதவர். இன்று மட்டும் களத்தில் வந்து நின்று கையை உயர்த்துகிறார். நேற்று வரை வேலை செய்த ஒருவரோ வரவில்லை.

இதற்கு முதல் இரண்டு வட்டுகளும் சாட்சி சொல்கின்றன. அணியின் நிலை என்ற வரியில் மூன்று ஏ எழுத்துகளும் கடைசியில் ஒரு புள்ளியும் இருக்கின்றன. அதாவது நேற்று மாலை வரை 0, 1, 2 ஆகியவை வேலை செய்தன, 3 இல்லை. நான்காம் வட்டு 138 நாள்களுக்கு முன்பே அணியிலிருந்து தள்ளப்பட்டுவிட்டது. நான் அது தெரியாமல், இன்னும் ஒரு வட்டு போனால் எல்லாம் போகும் என்ற நிலையில், நான்கரை மாதம் கோயில் ஒளிப்பதிவுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மேம்படுத்தலின்மீது போட்ட பழியைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

13.10.2024, பகல் 12.20

இரண்டு பேர் இரண்டு யோசனை சொல்லியிருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி, இரண்டையும் செய்யப்போவதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

முதல் யோசனை, ஃபோர்ஸ் என்ற கட்டாயத் தெரிவைச் சேர்த்து அணியை எழுப்புவது. நிகழ்வெண்கள் நான்கைந்து மட்டும் விலகியிருந்தால், அதாவது மின்சாரம் திடீரென்று போனதால் ஒரு வட்டு கடைசி ஓரிரு பதிவுகளைத் தவறவிட்டிருந்தால், அது சரியான மருந்து. இங்கே விலகல் பதினாறாயிரத்துக்கும் மேல். மே மாதத்து வட்டை வலுக்கட்டாயமாகச் சேர்த்தால் அணி எழக்கூடும். ஆனால் மே மாதத்துக்குப் பின் எழுதப்பட்ட ஒவ்வொரு பகுதியிலும் பழைய சங்கதி கலந்திருக்கும். கோப்பு முறைமை அதைத் திருத்துகிறேன் என்று கிளம்பினால், நல்லதாக இருக்கும் மீதியையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது, கிரியேட் கட்டளையால் அணியை மீண்டும் உருவாக்குவது. இதை யாரும் செய்யாதீர்கள். வட்டில் தரவு தொடங்கும் இடம் எம்டிஆட்மின் எல்லா வெளியீட்டிலும் ஒன்றல்ல. மிகப் பழையவற்றில் 2048ஆம் செக்டரில் (செக்டர் என்பது வட்டின் 512 பைட் கூறு), அதாவது 1 மெபிபைட்டில் தொடங்கியது உண்டு. என் வட்டுகளில் 262144ஆம் செக்டர், அதாவது 128 மெபிபைட். இன்றைய வெளியீடு வேறொரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால், எல்லாத் தரவும் அங்கேயே இருந்தும் ஒன்றையும் படிக்க முடியாது. இதற்கு மேல், வட்டுகளின் வரிசையையும் துண்டின் அளவையும் நாமே பிழையில்லாமல் சொல்ல வேண்டும்.

நான் செய்யப்போவது, காணாமல் போன மூன்றாம் வட்டை, அதாவது இடம் 2க்கு உரியதைத் தேடுவது. அது கிடைத்தால் வேறெதுவும் தேவையில்லை.

13.10.2024, மாலை 4.50

கிடைத்துவிட்டது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை இரண்டு, ஏழு வருடத் தூசி, மூன்றாம் வட்டின் சாட்டா கேபிள் பாதி கழன்ற நிலை. கேபிளின் முனையில் இருக்க வேண்டிய உலோகக் கவ்வி உடைந்திருந்தது. வேறு கேபிள் மாற்றினேன். பயாஸ் திரையில் வட்டு வந்துவிட்டது. வட்டு தன் நலத்தைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண்ணான சிஆர்சி பிழைக் கணக்கு ஆயிரத்தைத் தாண்டி இருக்கிறது. ஆனால் 197ஆம் எண்ணான நிலுவைச் செக்டர்கள் (படிக்க முடியாமல் நிற்பவை) பூஜ்யம், 5ஆம் எண்ணான மாற்றப்பட்ட செக்டர்களும் பூஜ்யம். 199 மட்டும் ஏறி மற்றவை ஏறாமல் இருந்தால், வட்டில் நோய் இல்லை, வட்டுக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் கம்பியில்தான் கோளாறு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

நிகழ்வெண் 48213. அந்த எண்ணைப் பார்த்ததும் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து, சம்பளம் உயர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

13.10.2024, இரவு 9.10

செய்தவற்றை வரிசைப்படி பதிவு செய்கிறேன். முதலில் எம்டி127ஐ ஸ்டாப் கட்டளையால் நிறுத்தினேன். அது வட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை வேறெதுவும் நடக்காது. பிறகு 0, 1, 2 ஆகிய மூன்று வட்டுகளை மட்டும் பெயர் சொல்லி, ரீட்ஒன்லி சேர்த்து, அசெம்பிள் செய்தேன். மே மாதத்து வட்டின் கேபிளை முன்னதாகவே கழற்றி வைத்துவிட்டேன். அணி எழுந்தது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையும் படிக்க மட்டும், ஜர்னலை (முடியாத மாற்றங்களின் குறிப்பேட்டை) ஓட்டாமல் இருக்க நோலோட் சேர்த்து, ஏற்றினேன்.

எல்லாம் இருக்கின்றன.

புதிய வட்டைச் சேர்க்கும் முன், மார்ச்சுக்குப் பிந்தைய 410 கிகாபைட்டை வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். என் காப்புநகல் மார்ச்சோடு நின்றுபோயிருந்தது என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஜூலையில் பதிவு செய்த ஒரு பாட்டியின் குரல் இந்த 410க்குள் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கியவர். ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

14.10.2024, திங்கள்

மே 27 அன்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று நேற்றிரவு முழுதும் யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. இன்று ரூட் பயனரின் அஞ்சல் கோப்பைத் திறந்து பார்த்தேன். டெபியன் 11 தன் அன்றாட வேலைகளில் ஒன்றாக அணியைச் சோதித்து, குறை இருந்தால் தினமும் ஒரு மடல் எழுதுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மடல்கள், அனைத்திலும் ஒரே வாசகம்: அணி குறைபட்ட நிலையில் இருக்கிறது. வெளியே அனுப்ப அஞ்சல் வழி எதையும் நான் அமைக்காததால், எல்லாம் அந்த இயந்திரத்திற்குள்ளேயே எனக்காகக் காத்திருந்திருக்கின்றன.

திட்டும் வேலை முடிந்தது.

15.10.2024, செவ்வாய்

நான்காம் வட்டைத் தனியாகச் சோதித்தேன். நிலுவைச் செக்டர்கள் 24. இது மேசைக் கணினிக்கான சாதாரண வட்டு. இத்தகைய வட்டு படிக்க முடியாத செக்டரைக் கண்டால் ஒரு நிமிடத்துக்கும் மேலாக முயன்றுகொண்டே இருக்கும். இயங்குதளத்தின் மையமான கெர்னலோ வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். அதன்பின் வட்டையே மீட்டமைக்கும். அதற்கும் பதில் வராவிட்டால் அணியிலிருந்து தள்ளிவிடும். ரெய்டுக்கென்று செய்த வட்டுகள் 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டு உண்மையைச் சொல்லிவிடும். அணி அந்தச் செக்டரின் தரவை மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிட்டு அதே இடத்தில் மறுபடி எழுதிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடிஇஆர்சி என்ற அமைப்பை 70, 70 என்று வைத்தால் இந்த 7 நொடி வரம்பு கிடைக்கும், வட்டு அதை ஏற்றால். ஏற்காத வட்டுக்குக் கெர்னலின் பொறுமையை 180 நொடியாக உயர்த்த வேண்டும். என் நான்கில் இரண்டு ஏற்றன, ஒன்று ஏற்கவில்லை, ஒன்று குப்பைக்குப் போகிறது.

ஈப்போவுக்குப் போய்ப் புதிய வட்டு வாங்கிவந்தேன். 1988இல் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டை விளக்கி எழுதியபோது ஐ என்ற எழுத்து மலிவைத்தான் குறித்தது. பின்னாளில் அதைத் தனித்தியங்குவது என்று மாற்றிவிட்டார்கள். விலைச்சீட்டைப் பார்த்ததும் ஏன் மாற்றினார்கள் என்று புரிந்தது.

கடையில் எஸ்எம்ஆர் வகை வட்டு மலிவாக இருந்தது. தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படியும் அந்த வகையில், தொடர்ந்து பல மணி நேரம் எழுதும்போது வேகம் படுத்துவிடும். அணியை மறுபடி நிரப்புவதோ பல மணி நேரம் தொடர்ந்து எழுதும் வேலை. கடைக்காரருக்கு வேறுபாடு தெரியவில்லை. வட்டின் எண்ணைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

16.10.2024, புதன், காலை

மாலையில் தினமும் இடி இடிக்கும் பருவம் இது. ஆகவே மழை விட்டபின், நேற்று இரவு 9 மணிக்குப் புதிய வட்டில் பகிர்வு (பார்டிஷன்) அமைத்து ஆட் கட்டளையைக் கொடுத்தேன். நொடிக்கு 150 மெகாபைட்டில் தொடங்கி, வட்டின் உள்விளிம்பை நெருங்க நெருங்க 80க்கு இறங்கியது. சராசரி 115 வைத்தால் 4 டெராபைட்டுக்கு ஒன்பதே முக்கால் மணி நேரம். காலை ஆறே முக்காலுக்கு எம்டிஸ்டாட்டில், வேலை செய்யும் வட்டைக் குறிக்கும் நான்கு யூ எழுத்துகளும் அடிக்கோடு இல்லாமல் வரிசையாக நின்றன. இரவில் மூன்று முறை எழுந்து பார்த்தேன். பார்ப்பதால் வேகம் கூடுவதில்லை.

18.10.2024, வெள்ளி

கூலிம் தம்பி கேட்டதற்கு. உங்கள் நிலை என்னுடையதல்ல. நீங்கள் வட்டுகளில் பகிர்வு அமைக்காமல் முழு வட்டையே அணிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது மூன்றில் இரண்டில் சூப்பர்பிளாக்கே இல்லை, ஆனால் நீங்கள் போடாத ஜிபிடி என்ற பகிர்வு அட்டவணை இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இது. 1.2 வகைச் சூப்பர்பிளாக் வட்டின் தொடக்கத்திலிருந்து 4096ஆம் பைட்டில் அமர்கிறது. ஜிபிடி அட்டவணையோ 1024ஆம் பைட்டிலிருந்து 17408 வரை விரிகிறது. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. வட்டை முன்பு வேறெதற்கோ பயன்படுத்தியிருந்தால், அதன் கடைசியில் பழைய ஜிபிடியின் நகல் தங்கியிருக்கும். சில தாய்ப்பலகைகள் தொடங்கும்போது அதைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் கெட்டுவிட்டதாக எண்ணி, உபகாரமாக எழுதிவிடுகின்றன. உங்கள் சூப்பர்பிளாக் அந்த உபகாரத்தில் அழிந்தது. தரவு 128 மெபிபைட்டுக்கு அப்பால் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே 13ஆம் தேதி நான் அடித்துச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். கிரியேட் கட்டளைக்கும் ஒரு வேளை உண்டு, அது உங்களுக்கு வந்திருக்கிறது. பிழைத்திருக்கும் ஒரு வட்டின் எக்ஸாமின் விடையிலிருந்து துண்டின் அளவு, அமைப்பு முறை, தரவு தொடங்கும் இடம், அந்த வட்டின் இடம் எல்லாம் தெரியும். ஒன்றின் இடம் தெரிவதால் மீதி இரண்டை வைக்க இரண்டே வரிசைகள்தான். ஆனால் உண்மையான வட்டுகளின்மேல் முயலாதீர்கள். ஒவ்வொரு வட்டுக்கும் டிஎம்செட்அப் கருவியால் ஒரு மேலடுக்கு போடுங்கள். எழுதுவதெல்லாம் தனிக் கோப்புக்குப் போகும், வட்டு தொடப்படாது. அதன்மேல், அணி சரியாகவே இருப்பதாகக் கொள்ளும் அசியூம்கிளீன் சேர்த்து உருவாக்கி, படிக்க மட்டும் ஏற்றிப் பாருங்கள். தவறான வரிசை என்றால் மேலடுக்கைக் கலைத்துவிட்டு மற்றதை முயலலாம்.

19.10.2024

ஜொகூரிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: உங்களுடையது ரெய்ட் 0, இரண்டு வட்டுகளும் வெவ்வேறு அளவு, பழைய கெர்னலிலிருந்து நேரே 6.1க்குத் தாவியிருக்கிறீர்கள். இந்த இழையில் மேம்படுத்தலையே காரணமாகச் சொல்லக்கூடியது உங்களுடையது ஒன்றுதான். 2014இல் வந்த 3.14 கெர்னலில், சமமில்லாத வட்டுகளின் மிச்சப் பகுதியில் தரவை அடுக்கும் முறை யாரும் கவனியாமல் மாறிப்போயிற்று. அது தெரியவந்தபின் 5.4இலிருந்து கெர்னல், எந்த முறை என்று சொல்லாவிட்டால் அணியை எழுப்ப மாட்டேன் என்கிறது. ரெய்ட்0 டிஃபால்ட்லேஅவுட் என்ற அமைப்புக்கு, 3.14க்கு முந்தைய கெர்னலில் எழுதிய அணியானால் 1, பிந்தையதானால் 2 கொடுக்க வேண்டும். முதலில் படிக்க மட்டும் ஏற்றி, பெரிய கோப்புகள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். கோப்புப் பட்டியல் சரியாகத் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள்.

20.10.2024, ஞாயிறு

என் பக்கத்தில் மிச்சமிருந்த வேலைகள். சூப்பர்பிளாக்கில் கணினியின் புதிய பெயரை எழுதி, டீடெய்ல் ஸ்கேன் தந்த வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்து, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தேன். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், தொடங்கும் நேரத்தில் பழைய கோப்பையே அது படிக்கும், எம்டி127 மறுபடியும் வந்து உட்காரும். எவற்றை ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எம்டி0 என்ற பெயரை எடுத்துவிட்டுக் கோப்பு முறைமையின் யூயூஐடி என்ற அடையாள எண்ணையும் நோஃபெய்லையும் போட்டேன். அணி எழாவிட்டாலும் கணினி எழும். அவசரநிலைத் திரையில் உட்கார்ந்துகொண்டு வலையில் தேட முடியாமல் தவிக்க வேண்டாம்.

பிறகு வேண்டுமென்றே மூன்று முறை மறுதொடக்கம் செய்தேன். 217 நாள் ஓடியதை இங்கே பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்த 217 நாளில்தான் பெயர் மாறியது, வட்டு தள்ளப்பட்டது, கேபிளின் கவ்வி எப்போதோ உடைந்தது. எல்லாம் ஒரே இரவில் வெளிப்பட்டதால் அன்று செய்த மேம்படுத்தல் கையோடு பிடிபட்டது. இனி மாதம் ஒருமுறை மறுதொடக்கம். மேம்படுத்துவதற்கு முன்னாலும் ஒன்று.

29.10.2024

கூலிம் தம்பியின் இரண்டாவது வரிசை சரியாக அமைந்ததாம். தீபாவளிக்கு முன் அக்காள் கல்யாணப் படங்கள் திரும்ப வந்துவிட்டன என்று எழுதியிருக்கிறார். தம்பி, மேலடுக்கிலிருந்து எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்தபின், வட்டின் இரு முனைகளையும் துடைத்து, பகிர்வு அமைத்து, அணியைப் புதிதாகக் கட்டுங்கள்.

03.11.2024, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் நள்ளிரவுக்குப் பின் அணியின் முழுச் சோதனை தானாகவே தொடங்கியது. முடிவில் பொருந்தாத துண்டுகளின் எண்ணிக்கை பூஜ்யம். அஞ்சல் வழியையும் அமைத்து, டெஸ்ட் சேர்த்துச் சோதனை மடல் அனுப்பச் சொன்னேன். காலை கோப்பி குடிக்கும்போது கைப்பேசியில் வந்தது. எரிதக் கோப்புறைக்குள் விழுந்திருந்ததை எடுத்து வெளியே வைத்தேன்.

தலைப்பை மாற்றலாம் என்று பார்த்தேன், மாற்ற இயலவில்லை. டெபியன் 12 தன்மேல் பழியோடு அங்கேயே நிற்கிறது.